நேமம் இனி நேமம் இல்லை!

திருவனந்தபுரத்துக்கு மெட்ரோ வரப்போகிறது. ஸ்டேஷன்களுக்கு யார் பெயர் வைப்பது, எந்தப் பெயரை வைப்பது? கிழக்கேகோட்டையில் இருந்து ஒரு சிறப்புக் கட்டுரை.

மாலை ஐந்து மணி. கிழக்கேகோட்டை பஸ் நிலையத்தில் நிற்க இடமில்லை. பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் சிதறுகாய் உடைகிற சத்தம் ஒரு பக்கம், சாலைக் கம்போளத்தில் இருந்து வரும் சுமட்டுத் தொழிலாளிகளின் "வழி, வழி" இன்னொரு பக்கம். இரண்டையும் மீறி ஒரு கண்டக்டர் படியில் தொங்கியபடி ஒரே மூச்சில் அடுக்குகிறார்: "ஸ்டாச்யூ, பாளையம், பட்டம், கேசவதாசபுரம், உள்ளூர், மெடிக்கல் காலேஜ்..."

மார்த்தாண்டம் பக்கத்தில் இருந்து வந்த அம்மா ஒருவர், கையில் ஸ்கேன் கவர். பஸ்ஸின் நெற்றியில் உள்ள மலையாள எழுத்து அவருக்குப் படிக்க வராது. "அண்ணே, ஆர்.சி.சி. போவுமா?" என்று புற்றுநோய் மருத்துவமனைக்கு வழி கேட்கிறார். "கேறிக்கோ அம்மா, மெடிக்கல் காலேஜில் இறங்ஙணும்" என்று பதில் வருகிறது. பலகையைப் பார்க்காமலே பஸ் பிடித்துவிட்டார். இந்த ஊரில் பல பேர் பயணம் செய்வது இப்படித்தான். கண்ணால் அல்ல, காதால்.

அந்தக் காதுக்குத்தான் இப்போது சோதனை. 2024இல் ரயில்வே, நேமம் ஸ்டேஷனைத் 'திருவனந்தபுரம் தெற்கு' ஆக்கியது. கொச்சுவேளியைத் 'திருவனந்தபுரம் வடக்கு' ஆக்கியது. அடுத்து மெட்ரோ. 2025 நவம்பரில் கேரள அரசு ஒப்புதல் தந்த முதல் கட்டப் பாதை பாப்பனங்கோட்டில் தொடங்கி கிள்ளிப்பாலம், பாளையம், ஸ்ரீகாரியம், கழக்கூட்டம், டெக்னோபார்க் வழியாக ஈஞ்சக்கல் போய் முடிகிறது. 31 கிலோமீட்டர், 27 நிலையங்கள். அதாவது, எழுத 27 பலகைகள். தண்டவாளத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம். ஒரு பெயரைத் தூக்கிவிட்டால் அதைத் திரும்ப வைப்பது அத்தனை சுலபம் இல்லை.

கோட்டைக்குக் கிழக்கே என்ன இருந்தது?

கிழக்கேகோட்டையின் பெயரில் உள்ள கோட்டை, பத்மநாப சுவாமி கோயிலைச் சுற்றி மார்த்தாண்ட வர்மா காலத்தில் எழுந்தது. 1729 முதல் 1758 வரை ஆண்டவர் அவர். 1750 ஜனவரியில் திருவிதாங்கூரையே பத்மநாபருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, 'பத்மநாபதாசன்' என்று பெயர் வைத்துக்கொண்டு ஆட்சி நடத்தினார். தலைநகரம் அப்போது பத்மநாபபுரம், இன்றைய நம் கன்னியாகுமரி மாவட்டம். அடுத்து வந்த கார்த்திகைத் திருநாள் ராமவர்மா காலத்தில்தான் அது இங்கே வந்து சேர்ந்தது.

தலைநகரம் வந்தபோது வெறுங்கையோடு வரவில்லை. பழவங்காடிப் பிள்ளையார், பத்மநாபபுரத்தில் நாயர் படை வீரர்கள் வணங்கிய பிள்ளையார். படை இடம் மாறியபோது சாமியும் கூடவே வந்தார். இன்றைக்கும் அந்தக் கோயில் இந்திய ராணுவத்தின் பராமரிப்பில் இருக்கிறது. பழைய அங்காடி இருந்த இடம் என்பதால் பழவங்காடி. அங்காடி போய்விட்டது, பெயர் நிற்கிறது.

ஒரு கல் எறிந்தால் விழும் தூரத்தில் புத்தரிக்கண்டம் மைதானம். அரசியல் கூட்டம், பொருட்காட்சி, சர்க்கஸ் என்று எல்லாம் நடக்கும் அந்தத் திடல் ஒரு காலத்தில் வயல். ஆடியில் நடக்கும் நிறைபுத்தரிக்குக் கோயிலுக்கு முதல் கதிர் போனது இந்தக் கண்டத்தில் இருந்து. கண்டம் என்றால் வயல் என்று குமரிக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கான்கிரீட் வந்த பிறகும் நெல்லின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இங்கிருந்து கிளம்பும் பஸ்ஸின் நிறுத்தங்களை ஒரு தடவை காது கொடுத்துக் கேளுங்கள். ஓவர்பிரிட்ஜ் என்றால் ரயில் பாதைக்கு மேலே போகும் பாலம். புளிமூடு என்றால் ஒரு புளியமரத்தடி. ப்ளாமூடு என்றால் பலாமரத்தடி. எல்.எம்.எஸ். என்பது லண்டன் மிஷனரி சொசைட்டி. பி.எம்.ஜி. என்பது போஸ்ட் மாஸ்டர் ஜெனரல் அலுவலகம். எழுத்தின் விரிவு தெரியாமலே ஊரே அங்கே இறங்கி ஏறுகிறது. மரம், பாலம், ஆபீஸ், சபை. எந்த அரசாணையும் இல்லாமல் வந்த பெயர்கள் இவை.

■ பெட்டிச் செய்தி: ஒரே ஒரு 'ஸ்டாச்யூ'

தலைமைச் செயலகம் முன்பு உள்ள நிறுத்தத்துக்கு 'ஸ்டாச்யூ' என்று பெயர். யார் சிலை? சர் டி. மாதவராவ். 1828இல் கும்பகோணத்தில் பிறந்த தஞ்சை மராட்டியர். 1872 வரை திருவிதாங்கூர் திவான். பிறகு இந்தூர், பரோடா சமஸ்தானங்களிலும் திவான். செயலகக் கட்டடம் திறக்கப்பட்டது அவர் காலத்தில், 1869இல். கட்டியவர் வில்லியம் பார்ட்டன். அவர் பெயரில் ஒரு 'பார்ட்டன் ஹில்' இருக்கிறது. அதே சாலையில் பின்னால் எத்தனையோ சிலைகள் வந்தன. செயலக வளாகத்திலேயே வேலுத்தம்பி தளவாய் வாளோடு நிற்கிறார். ஆனாலும் ஊருக்கு 'ஸ்டாச்யூ' என்றால் கும்பகோணத்துக்காரர்தான், பெயரே சொல்லாமல்!

சாலை என்றால் ரோடு அல்ல

கிழக்கேகோட்டையைத் தொட்டுக்கொண்டு தொடங்குவது சாலைக் கம்போளம். மலையாளத்தில் 'சால'. பலசரக்கு, வெற்றிலை, பித்தளைப் பாத்திரம், பூ என்று எல்லாம் மொத்தமாகக் கிடைக்கும் இந்தக் கடைத்தெருவை அமைத்தவர் திவான் ராஜா கேசவதாஸ். 1789இல் திவான் ஆனவர், ஆலப்புழைத் துறைமுகத்தை உருவாக்கியவரும் அவரே. பிறந்தது விளவங்கோடு வட்டத்துக் குன்னத்தூரில். வடக்கே போகும் பல பஸ்கள் தாண்டிப் போகிற கேசவதாசபுரம் அவர் பெயரைத்தான் சுமக்கிறது. எல்லையைத் தாண்டி வேலைக்குப் போன நம்மூர்க்காரர் ஒருவர் பெயர், கேரளத் தலைநகரின் மிக நெரிசலான சந்திப்புக்கு. 1956 நவம்பர் 1க்கு முன்னால் அந்த எல்லையே இல்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் 'சாலை' என்ற பெயர் கேசவதாசுக்கும் வெகு காலம் முந்தியது. கம்போளத்தை ஒட்டியிருக்கும் வலியசாலை, ஆரியசாலை இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பெரிய பெயர் எட்டிப் பார்க்கும்: காந்தளூர்ச்சாலை. ஆம், முதலாம் ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் முதல் வெற்றியாக வருகிறதே, அதே காந்தளூர்ச்சாலைதான். வலியசாலை மகாதேவர் கோயிலை மையமாக வைத்தே அது இருந்தது என்பது பல ஆய்வாளர்களின் முடிவு. அந்தச் சாலை என்பது ரோடும் அல்ல, கடைத்தெருவும் அல்ல. வேதமும் ஆயுதப் பயிற்சியும் சொல்லித்தந்த கல்விக்கூடம். ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் பார்த்திவசேகரபுரத்தில் 95 சட்டர்களுக்கு, அதாவது மாணவர்களுக்கு, ஒரு சாலை அமைத்தபோது, காந்தளூர் நடைமுறையை முன்மாதிரியாக வைத்தே அமைத்தான். அதைச் சொல்லும் செப்பேடு இன்றும் இருக்கிறது. பார்த்திவபுரமும் இருக்கிறது, குமரி மாவட்டத்தில் முஞ்சிறைக்குப் பக்கத்தில். ராஜராஜன் அங்கே 'கலம்' அறுத்தான் என்பது கப்பலை அழித்ததா, உரிமையைப் பறித்ததா என்று நூறு வருடமாக அறிஞர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சண்டை தீராவிட்டாலும் போகட்டும். ஆயிரம் வருடத்துக்கு முன்பு தஞ்சைப் பேரரசன் பெருமையாகச் செதுக்கி வைத்த பெயரை, இன்றைக்கு வெங்காய மூட்டை இறக்குகிற லாரி டிரைவர் சர்வ சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். ஒரு நகரத்துக்கு இதைவிடப் பெரிய நினைவுச்சின்னம் என்ன வேண்டும்?

தமிழ் வாசகருக்கு இந்தத் தெரு வேறு வழியிலும் பழக்கம். ஆ. மாதவன் இங்கே பாத்திரக் கடை வைத்துக்கொண்டு 'கடைத்தெருக் கதைகள்' எழுதினார். 2015இல் சாகித்ய அகாதமி விருது பெற்ற அவரது உலகம் பெரும்பாலும் இந்தச் சந்து பொந்துகளுக்குள் அடங்கும். நீல. பத்மநாபன் 1970இல் எழுதிய நாவலுக்கு நகரத்தின் பெயரையே 'பள்ளிகொண்டபுரம்' என்று மாற்றி வைத்தார். இன்னும் பின்னால் போனால் பேரூர்க்கடையில் 'ஹார்விபுரம்' என்றொரு பங்களா. 'மனோன்மணீயம்' எழுதிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளை, தன் ஆசான் டாக்டர் ஹார்வியின் பெயரில் அமைத்த வீடு. இவை எல்லாவற்றுக்கும் முன்பே நம்மாழ்வார் பாசுரத்தில் இந்த ஊர் 'அனந்தபுரம்' என்ற பெயரோடு வந்துவிட்டது. ஆங்கிலேயர் வாயில் ட்ரிவாண்ட்ரம் ஆனதும், 1991இல் அரசு பழைய பெயரை அதிகாரபூர்வமாக மீட்டதும் எல்லாரும் அறிந்த கதை.

■ பெட்டிச் செய்தி: குமரியில் இருந்து மூன்று விருந்தாளிகள்

ஒவ்வொரு நவராத்திரிக்கும் பத்மநாபபுரத்தில் இருந்து சரஸ்வதி, வேளிமலையில் இருந்து குமாரசுவாமி, சுசீந்திரத்தில் இருந்து முன்னுதித்த நங்கை ஆகிய மூவரும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் வருகிறார்கள். அந்தச் சரஸ்வதி, கம்பர் பூசித்த விக்கிரகம் என்பது நம்பிக்கை. சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் அமர்கிறாள். முருகனுக்கு ஆரியசாலைக் கோயில், நங்கைக்குச் செந்திட்டைக் கோயில். தலைநகரம் மாறி இருநூறு ஆண்டுக்கு மேலாகியும், மாநில எல்லை மாறி அரை நூற்றாண்டு தாண்டியும் பயணம் நிற்கவில்லை.

ராஜா அழித்தார், கண்டக்டர் காப்பாற்றினார்

பெயர்களை யார் காப்பாற்றுகிறார்கள் என்பதற்குக் கழக்கூட்டத்தை விட நல்ல சாட்சி கிடையாது. மார்த்தாண்ட வர்மாவை எதிர்த்து நின்ற எட்டுவீட்டில் பிள்ளைமாரில் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. ராஜா வென்றதும் அந்த வீடுகளை இடித்துக் குளம் தோண்டினார் என்பது இங்கே குழந்தைகளுக்கும் தெரிந்த கதை. சி.வி. ராமன் பிள்ளை 1891இல் எழுதிய 'மார்த்தாண்டவர்மா' நாவலும் அந்தப் பகையைச் சுற்றித்தான் சுழல்கிறது. எதிரியின் கூரை மிஞ்சக்கூடாது என்று நினைத்தார் ராஜா. ஆனால் அந்தப் பிள்ளைமாரின் ஊர்களான கழக்கூட்டம், செம்பழந்தி, பள்ளிச்சல், வெங்ஙானூர் எல்லாம் இன்றும் பஸ் நிறுத்தங்கள். செம்பழந்தியில் 1856இல் நாராயண குரு பிறந்தார். வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி 1893இல் தடையை மீறி வில்லுவண்டி ஓட்டிப் பொது வழியைத் திறந்தார். 1990இல் கழக்கூட்டத்தை ஒட்டி டெக்னோபார்க் வந்தது. ராஜா துடைக்க நினைத்த பெயர்தான் நாளைக்கு மெட்ரோவின் முக்கியச் சந்திப்பு நிலையங்களில் ஒன்று.

மனிதர் பெயர் ஊருக்கு வருவது ஒரு வகை. இந்த ஊரில் எதிர்த் திசையிலும் நடந்திருக்கிறது. முதலமைச்சராக இருந்த பட்டம் தாணுப்பிள்ளையும், மகாகவி உள்ளூர் பரமேஸ்வர ஐயரும் ஊர்ப் பெயரை முன்னால் சூடிக்கொண்டவர்கள். பட்டத்தையும் உள்ளூரையும் வேறு பெயரில் எழுதினால் அவர்கள் பெயரும் பாதி புரியாமல் போகும்.

'தெற்கு' எந்தப் பக்கம்?

ரயில்வேயின் நியாயத்தையும் சொல்லிவிடுவோம். தம்பானூரில் உள்ள சென்ட்ரல் ரயில் நிலையத்தில் நடைமேடைகள் ஐந்துதான். வண்டிகளைக் கூட்ட வழியில்லாததால் பல வெளிமாநில ரயில்கள் கொச்சுவேளியில் இருந்து புறப்படுகின்றன. டெல்லியிலோ மும்பையிலோ இருப்பவருக்குக் 'கொச்சுவேளி' என்றால் திருவனந்தபுரம் என்று தெரியாது. டிக்கெட் தேடும்போது தவறவிடுகிறார். ஆகவே நகரத்தின் பெயரை முன்னால் போட்டார்கள். வெளியூர்க்காரருக்கு இது உதவிதான், மறுக்க முடியாது.

பிரச்சினை, முன்னால் போட்டதில் இல்லை. பழையதை எடுத்ததில் இருக்கிறது. நேமத்தில் இறங்குகிற தொழிலாளி, நேமத்தில் பஸ் ஏறுகிறார், நேமம் தொகுதியில் ஓட்டுப் போடுகிறார், நேமம் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கிறார். ரயில் டிக்கெட்டில் மட்டும் அவர் 'திருவனந்தபுரம் தெற்கு' நிலையத்தில் இறங்குகிறார். முதல்முறை வரும் ஒருவர் ஆட்டோவில் ஏறி "தெற்கு ஸ்டேஷன்" என்று சொன்னால் ஓட்டுநர் "எந்தத் தெற்கு?" என்றுதான் கேட்பார். திசை என்பது எங்கே நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. நாகர்கோவிலில் இருந்து வருகிறவருக்கு நேமம் வடக்கே இருக்கிறது!

கேலி இருக்கட்டும், சிகிச்சைக்கு வருகிறவர்களை நினைத்துப் பாருங்கள். ஆர்.சி.சி., ஸ்ரீசித்திரா மருத்துவமனை, மெடிக்கல் காலேஜ் மூன்றும் ஒரே வளாகப் பகுதியில். குமரி, நெல்லை, தென்காசி மாவட்டங்களில் இருந்து நோயாளிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். முன்னால் போய் வந்த பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி அனுப்பும் வழிதான் அவர்களுக்கு வரைபடம்: "தம்பானூர்ல எறங்கு, மெடிக்கல் காலேஜ் பஸ் ஏறு." அந்த வாய்வழி வரைபடத்தில் ஒரு பெயர் மாறினால், மாறியது தெரியாமல் தவிப்பது மொழி தெரியாத, படிக்க வராத, வயதான ஆள்.

சென்னைக்காரர்கள் இதை ஏற்கெனவே அனுபவித்தவர்கள். 2019இல் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எம்.ஜி.ஆர். பெயர் வந்தது. 2020இல் ஆலந்தூர், சென்ட்ரல், கோயம்பேடு பஸ் நிலைய மெட்ரோக்களுக்கு அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா பெயர்கள் வந்தன. தலைவர்கள் மேல் யாருக்கும் மரியாதைக் குறைவில்லை. ஆனால் "ஒரு சென்ட்ரல் டிக்கெட்" என்று கேட்பவர்கள்தான் இன்றும் அதிகம். கோயம்பேட்டில் குழப்பம் அதற்கும் முந்தியது: 'கோயம்பேடு' என்ற பெயர் பஸ் நிலையத்தை ஒட்டிய மெட்ரோவுக்கு வராமல் அதற்கு அடுத்த மெட்ரோவுக்குப் போய்விட்டது. விவரம் தெரியாமல் அங்கே இறங்கியவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். இப்போது தென் மாவட்ட பஸ்களே கிளாம்பாக்கத்துக்குப் போய்விட்டன.

கொல்கத்தாவில் டாலிகஞ்ச் மெட்ரோ 2009இல் நடிகர் உத்தம் குமாரின் 'மகாநாயக்' பட்டத்தோடு மாறியது. அதை அடுத்த புதிய நிலையங்களுக்குக் கவிகள், புரட்சியாளர்கள் பெயர்கள். குருகிராமில் 2013இல் தொடங்கிய ரேபிட் மெட்ரோ இன்னொரு படி மேலே போனது: செல்போன் கம்பெனி, வங்கி என்று விளம்பரம் கொடுத்தவர் பெயரே நிலையத்தின் முன்பாதி. ஒப்பந்தம் முடிந்தால் பெயரும் போகும். சிங்கப்பூரோ நேர்மாறு. துணி வெளுத்தவர்கள் வாழ்ந்த 'தோபி காட்' என்ற பழைய பெயரை, அந்நகரின் பெரிய மெட்ரோ சந்திப்பு ஒன்றுக்கு அப்படியே வைத்திருக்கிறார்கள்.

மாற்றவே கூடாதா?

அப்படியும் சொல்ல முடியாது. பாளையம் போகும் வழியில் உள்ள வி.ஜே.டி. ஹால், விக்டோரியா மகாராணியின் ஆட்சிப் பொன்விழா நினைவாக எழுந்த அரங்கம். ஸ்ரீமூலம் பிரஜா சபை கூடிய இடம். தெருவில் நடக்கவே உரிமை மறுக்கப்பட்ட மக்களுக்காக, சபை உறுப்பினராக அய்யன்காளி பேசியது அங்கேதான். 2019இல் அது அய்யன்காளி ஹால் ஆனது. அந்தச் சுவருக்குள் நடந்த வரலாற்றை வெளியே எழுதிய பெயர் அது. மண்ணோடு உறவுள்ள பெயர் வருவதற்கும், மண்ணோடு உறவில்லாத திசையோ விளம்பரமோ வருவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இருந்தாலும் பழக்கம் லேசில் விடாது, பஸ்ஸில் இன்னும் பலர் "வி.ஜே.டி." என்றே கேட்கிறார்கள்.

கேரள அரசுப் போக்குவரத்துக் கழகமான கே.எஸ்.ஆர்.டி.சி. வேறு ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. 2021இல் தொடங்கிய நகர வட்டப் பேருந்துகளுக்குச் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று நிறங்களைப் பெயராக வைத்தார்கள். மலையாளம் தெரியாத வங்காளத் தொழிலாளியும் தமிழ் நோயாளியும் நிறத்தைப் பார்த்து ஏறலாம். நிறுத்தங்களின் பெயரில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. வெளியூர்க்காரருக்கு வசதி செய்ய உள்ளூர்ப் பெயரைப் பலி கொடுக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் கிடையாது. 1938 பிப்ரவரி 20இல் திருவிதாங்கூர் அரசு தன் முதல் பஸ்ஸை ஓட்டிய ஊர் இது. பஸ்காரர்களுக்குத் தெரிந்தது ரயில்காரர்களுக்கும் மெட்ரோகாரர்களுக்கும் தெரியாமலா போகும்?

இந்த இதழின் தீர்ப்பு இது. நேமம், கொச்சுவேளி பலகைகளில் பழைய பெயரை முதல் வரியாகவும், நகரத்தின் பெயரையும் திசையையும் இரண்டாம் வரியாகவும் எழுத வேண்டும். மெட்ரோவின் 27 பலகைகளிலும் ஊர் சொல்கிற பெயரே முதலில் வர வேண்டும். தலைவர் பெயரோ விளம்பரதாரர் பெயரோ அதற்குப் பின்னால் நிற்கட்டும். குமரியில் இருந்து நோயாளிகள் நிறைய வரும் மெடிக்கல் காலேஜ், தம்பானூர் போன்ற இடங்களில் தமிழிலும் ஒரு வரி எழுதினால் மலையாளத்துக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

அதுவரை, சிகிச்சைக்கோ வேலைக்கோ திருவனந்தபுரம் போகும் வாசகர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டில் 'திருவனந்தபுரம் தெற்கு' என்று இருந்தால் அது நேமம். 'வடக்கு' என்று இருந்தால் கொச்சுவேளி. இரண்டுமே நகரத்தின் நடுவில் இல்லை. மெடிக்கல் காலேஜ் பஸ் பிடிக்க வேண்டும் என்றால் 'சென்ட்ரல்' என்று போட்ட டிக்கெட்டை எடுங்கள். இறங்கியதும் யாரிடமும் சென்ட்ரல் என்று கேட்க வேண்டாம். தம்பானூர் என்று கேளுங்கள்.